லெமன் தெருவில் ஒரு வீடு. பத்திரத்தில் மூன்று குழந்தைகள்

நிலம் வாங்கப் போகும் சம்சாரி முதலில் தண்ணீரைப் பார்ப்பார். அடுத்து மண்ணைப் பார்ப்பார். பிறகு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. இவையெல்லாம் சரியாக இருந்து, கையில் காசும் இருந்தால் கிரயம் முடிந்துவிடும். ஆனால் காசு இருந்தும், விற்கிறவர் மனதார விற்க முன்வந்தும், வாங்குகிறவர் எந்த நாட்டில் பிறந்தார் என்று பார்த்து நிலத்தை மறுத்த ஒரு சட்டம் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1913 முதல் 43 ஆண்டுகள் அது நடப்பில் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஜப்பானியக் குடும்பம் ஒன்று வாங்கிய சிறிய வீட்டின் கதை இது. நிலத்தோடும் பத்திரத்தோடும் வாழ்கிறவர்கள் தெரிந்துகொள்ள அதில் நிறைய இருக்கிறது.

ஆரஞ்சால் பிழைத்த ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே, உள்நாட்டில் இருக்கும் ஊர் ரிவர்சைடு. 1910-ல் அங்கு சுமார் 15,000 பேர்தான் வசித்தார்கள். ஊருக்குச் சோறு போட்டது ஆரஞ்சு. அந்த ஆரஞ்சும் வெளியூர்ச் சரக்குதான். பிரேசில் நாட்டின் பாஹியா பகுதியில் தோன்றிய விதையில்லாத ரகம் அது. பழத்தின் அடியில் தொப்புள் போன்ற குழி இருப்பதால் நேவல் ஆரஞ்சு என்று பெயர். வாஷிங்டனில் இருந்த வேளாண் துறை அனுப்பிய இரண்டு கன்றுகளை எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி 1873-ல் ரிவர்சைடில் நட்டு வளர்த்தார். விதை இல்லாத பழம் என்பதால் மொட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். அந்த இரண்டு மரங்களில் எடுத்த மொட்டுகளிலிருந்து கலிபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுத் தோட்டங்கள் பெருகின. 1907-ல் எலுமிச்சை வகைப் பயிர்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் ரிவர்சைடில் தொடங்கியது. இன்றைய கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் அந்த நிலையத்திலிருந்து வளர்ந்ததுதான்.

தோட்டம் பெருகினால் பறிக்க ஆள் வேண்டும். முதலில் சீனர்கள் வந்தார்கள். 1882-ல் சீனக் கூலிகள் நாட்டுக்குள் வரத் தடை வந்தது. அதன் பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். அறுவடைக் காலத்தில் அவர்கள் இல்லாமல் பழம் கூடைக்கு வராது. பறிக்க வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொண்டது. அவர்கள் தங்கள் தெருவில் குடியிருக்க வந்தபோதுதான் பிரச்சினை கிளம்பியது.

உணவகம் நடத்திய ஹராடா

ஜுகிச்சி ஹராடா ஜப்பானிலிருந்து வந்தவர். மனைவி பெயர் கென். மூத்த மகன் மாசா அட்சு ஜப்பானில் பிறந்தவன். குடும்பம் ரிவர்சைடுக்கு வந்து சேர்ந்ததும் ஜுகிச்சி ஓர் உணவகம் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் பெயரில் வாஷிங்டன் உணவகம் என்று அதற்குப் பெயர் வைத்து, சுவரில் ஜனாதிபதிகளின் படங்களை மாட்டினார். வாடகைக்கு அறை விடும் விடுதி ஒன்றையும் நடத்தினார். குடும்பமும் அந்த நெருக்கடிக்குள்ளேயே குடியிருந்தது.

அங்கேதான் ஒரு மகன் தொண்டை அடைப்பான் நோய் கண்டு இறந்துபோனான். தடுப்பூசி வராத காலம். கூட்டமும் நெரிசலும் உள்ள இடத்தில் அந்த நோய் பிள்ளைகளை வேகமாகத் தொற்றும். மீதமுள்ள பிள்ளைகளையாவது காற்றோட்டமான தனி வீட்டில் வளர்க்க வேண்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். வீடு வாங்கும் எண்ணம் அதிலிருந்து வந்தது.

மூன்று ஆண்டுக் குத்தகையில் மரம் வைக்க முடியுமா?

இந்த இடத்தில் 1913-ம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டினர் விவசாய நிலத்தைச் சொந்தமாக வாங்கக் கூடாது. குத்தகைக்கு எடுத்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது என்றது அந்தச் சட்டம். மற்ற சொத்துகளில், இரு நாட்டு ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்குத்தான் உரிமை. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் 1911-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி ஜப்பானியர் வீடு, கடை வைத்துக்கொள்ளலாம். மனையை வாடகைக்கு எடுக்கலாம். மனையைச் சொந்தமாக வாங்குவதற்கு அதில் இடமில்லை.

சட்டத்தில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அன்றைய குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சத்தினருக்கும் மட்டும்தான் குடியுரிமை தந்தது. ஆகவே "தகுதியில்லாதவர்" என்றால் ஆசியர் என்றே பொருள்.

சட்டம் வந்ததற்குக் காரணம் ஜப்பானிய விவசாயிகளின் உழைப்பும் அதில் கிடைத்த வெற்றியும்தான். மற்றவர்கள் ஒதுக்கிய சதுப்பு நிலத்தையும் வறண்ட நிலத்தையும் எடுத்துத் திருத்தி ஸ்ட்ராபெரி, காய்கறி, உருளைக்கிழங்கு விளைவித்தார்கள். சேக்ரமென்டோ ஆற்று முகத்துவாரத்தில் நீரை வடித்து உருளை பயிரிட்ட ஜார்ஜ் ஷிமா என்ற ஜப்பானியரை அந்த மாநிலமே உருளைக்கிழங்கு ராஜா என்று அழைத்தது. கூலிக்காரனாக வந்தவன் பண்ணை முதலாளியாகிவிடுவான் என்ற பயம் பலருக்கு வந்தது.

மூன்று ஆண்டு வரம்பு என்ன செய்யும் என்பது விவசாயிக்குச் சொல்லாமலே விளங்கும். ஆரஞ்சுக் கன்று நட்டால் மகசூல் கண்ணில் தெரியவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நல்ல வருமானம் வர இன்னும் சில ஆண்டுகள். குத்தகை முடியும் நேரத்தில்தான் மரம் காய்க்கத் தொடங்கும் என்றால் யார் மரம் நடுவார்? கிணறு வெட்டவோ, மண்ணுக்குத் தொழுவுரம் போடவோ யாருக்கு மனம் வரும்? நம் ஊரிலும் ஆண்டுக் குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் தென்னையும் மாவும் வைக்காமல் குறுகிய காலப் பயிரோடு நின்றுவிடுவது இதனால்தான். அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் ஒரு சாராரின் கையில் இருந்ததற்கும், ஜப்பானியர்கள் ஸ்ட்ராபெரியோடும் கீரையோடும் நின்றதற்கும் இந்தக் குத்தகை வரம்பும் ஒரு காரணம்.

பிள்ளைகள் பெயரில் கிரயம்

1915 டிசம்பரில் லெமன் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. எலுமிச்சைத் தெரு என்று பொருள். 1880-களில் கட்டிய சிறிய மரவீடு. விலை 1,500 டாலர். ஜுகிச்சி பணத்தைக் கொடுத்தார். பத்திரத்தை மினே, சுமி என்ற இரண்டு பெண் பிள்ளைகள், யோஷிசோ என்ற ஆண் பிள்ளை ஆகிய மூவர் பெயரில் எழுதினார். மூவரும் சிறு குழந்தைகள். மூவரும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். 1868-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் செய்த 14-வது திருத்தப்படி அந்த நாட்டில் பிறந்தவர் அந்த நாட்டுக் குடிமகன். அவர்களுக்கு நில உரிமையை மறுக்க முடியாது.

மூத்த மகன் மாசா அட்சுவின் பெயரைச் சேர்க்க முடியவில்லை. அவன் பிறந்தது ஜப்பானில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். தம்பிக்கும் தங்கைகளுக்கும் உள்ள உரிமை அண்ணனுக்கு இல்லை. குடும்பத்துக்குள்ளேயே வேலி போட்டது அந்தச் சட்டம்.

தெருக்காரர்களுக்குச் செய்தி தெரிந்தது. கூடிப் பேசினார்கள். குழு அமைத்தார்கள். கொடுத்த விலைக்கு மேல் தருகிறோம், வீட்டை விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். ஜுகிச்சி மறுத்துவிட்டார். நம் ஊர்களிலும் எந்தத் தெருவில் யார் மனை வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்ற எழுதாத சட்டம் ஒன்று இருந்ததை, சில இடங்களில் இன்னும் இருப்பதை, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விலையைக் கூட்டிக் கொடுத்து ஆளை வெளியேற்றும் வழியும் நமக்குப் புதிதல்ல.

ஜுகிச்சி வெளியேறவில்லை. 1916-ல் வீட்டின்மேல் ஒரு மாடி எடுத்துக் கட்டினார். அதே ஆண்டு மாநில அரசு அவர்மேல் வழக்குப் போட்டது.

மாநில அரசும் ஒரு குடும்பமும்

வழக்கை நடத்தியது மாநிலத் தலைமை வழக்கறிஞர் யுலிசிஸ் வெப். 1913 சட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பணம் தந்தையுடையது, குடியிருப்பவரும் அவர்தான், பிள்ளைகளின் பெயர் வெறும் போர்வை. ஆகவே சொத்து அரசுக்குச் சேர வேண்டும் என்பது அரசின் வாதம். பிள்ளைகள் குடிமக்கள், வீடு அவர்களுக்குத் தந்தை கொடுத்தது என்பது எதிர்வாதம்.

1918 செப்டம்பரில் ரிவர்சைடு மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஹியூ கிரெய்க் தீர்ப்புச் சொன்னார். பெற்றோர் யாராக இருந்தாலும், குடும்பம் எவ்வளவு எளியதாக இருந்தாலும், இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மற்றக் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வீடு பிள்ளைகளுக்கே நிலைத்தது.

ஆனால் நீதிபதி சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது; வேலி அப்படியே இருந்தது. ஹராடா போலப் பலர் பிள்ளைகள் பெயரில் வாங்குவதைக் கண்டு 1920-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். விவசாய நிலத்துக்கு மூன்று ஆண்டுக் குத்தகையும் போயிற்று.

பத்திரம் மைனர் பெயரில் இருந்தால்

பிள்ளைகள் பெயரில் நிலம் வாங்கலாமா என்பது வாசகர்களிடம் எப்போதும் உள்ள கேள்வி. நம் நாட்டில் மைனர் பெயரில் சொத்து வாங்கத் தடையில்லை. காப்பாளர் பெயரையும் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். கணக்கில் காட்டிய வருமானத்தில் தன் பிள்ளை பெயரில் ஒருவர் வாங்கினால் அது பினாமிச் சட்டத்தில் வராது.

விற்கும்போதுதான் கவனம் தேவை. 1956-ம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 8-வது பிரிவுப்படி, மைனருக்குச் சொந்தமான அசையாச் சொத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் தந்தையோ தாயோ விற்கவும் அடமானம் வைக்கவும் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. மீறி விற்றால் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரமாக விற்க வேண்டி வரலாம் என்று நினைக்கிறவர்கள், சிறு பிள்ளை பெயரில் எழுதும் முன் யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தை வாங்குகிறவர்கள் நீதிமன்ற அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

பஞ்சாப் விவசாயிகளையும் தொட்ட சட்டம்

அதே கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபிலிருந்து போன சம்சாரிகள் பருத்தி பயிரிட்டு வந்தார்கள். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்களும் குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நாளிலிருந்து நிலச் சட்டம் அவர்கள்மேலும் பாய்ந்தது. நம்பிக்கையான வெள்ளைக்கார நண்பர் பெயரிலும், பிறகு அங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலும் நிலத்தை வைத்துக்கொண்டு உழுதார்கள். வியர்வை ஒருவருடையது, பத்திரத்தில் பெயர் இன்னொருவருடையது. எழுதிய கை மாறினால் கேட்க வழியில்லை.

சுவரில் எழுதிய தேதி

ஹராடா பிள்ளைகள் லெமன் தெரு வீட்டில் வளர்ந்தார்கள், படித்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சத்தினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்த குடிமக்கள். நீதிமன்றம் நிலைநாட்டிய குடியுரிமை அந்த ஆண்டு அவர்களைக் காப்பாற்றவில்லை.

கையில் தூக்க முடிந்ததைத்தான் கொண்டுபோக முடிந்தது. பயிர் நின்ற வயலையும் மேய்ந்த மாட்டையும் அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் ஏராளம். ஹராடா வீட்டிலும் மூட்டை கட்டினார்கள். கிளம்பும்போது இளைய மகன் ஹரால்டு படுக்கையறைச் சுவரில் எழுதிவைத்தார்: தாங்கள் வெளியேற்றப்பட்ட நாள் 1942 மே 23, சனிக்கிழமை, காலை 7 மணி. வேறெதுவும் எழுதவில்லை. அந்த எழுத்து இன்றும் சுவரில் இருக்கிறது.

ஜுகிச்சியும் கென்னும் வீடு திரும்பவில்லை. யூட்டா மாநிலத்தின் பாலைவனத்தில் இருந்த டோபாஸ் முகாமில், போர் முடியும் முன்பே இருவரும் இறந்தார்கள். மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் பிள்ளைகளுக்காக வீடு வாங்கியவர்களுக்கு, சாகும் நேரத்தில் அந்த வீடு கிடைக்கவில்லை.

வீட்டைக் காத்தது குடும்ப நண்பர் ஒருவர். அவர்கள் திரும்பும்வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டார். பலருடைய வீடும் தோட்டமும் கைமாறிப்போன காலத்தில், இவர்களுடைய வீடு இவர்களுக்காகவே காத்திருந்தது. ஒரு தெரு எதிர்த்துக் கூடியதைச் சொல்லும்போது, தனியாக நின்று காவல் காத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1945-ல் சுமி திரும்பினார். முகாமிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் தவித்த ஜப்பானியக் குடும்பங்களுக்கு அந்த வீட்டிலேயே அறை கொடுத்தார்.

சட்டம் செத்த கதை

சட்டம் ஒரே நாளில் போகவில்லை. சான் டியாகோ பக்கம் கஜிரோ ஒயாமா என்ற விவசாயி, மகன் பிரெட் பெயரில் 1934-ல் ஆறு ஏக்கரும் 1937-ல் இரண்டு ஏக்கரும் வாங்கியிருந்தார். குடும்பம் வெளியேற்றப்பட்டிருந்த போர்க்காலத்தில், 1944-ல், அந்த எட்டு ஏக்கரைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. 1948-ல் உச்ச நீதிமன்றம் மகன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1952-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஜப்பானில் பிறந்தவர்கள் குடியுரிமை பெற வழி திறந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியர்களுக்கு 1946-லேயே அந்த வழி கிடைத்துவிட்டது.

1956 நவம்பரில் சட்டத்தை ஏட்டிலிருந்தே நீக்குவதா என்று கலிபோர்னியா மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்று முடிவானது. அதே தேர்தலில் ரிவர்சைடு, இம்பீரியல் மாவட்டங்கள் சேர்ந்த தொகுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர் தலிப் சிங் சௌந்த். பஞ்சாபில் பிறந்து, உணவுப் பதப்படுத்தல் படிக்க அமெரிக்கா போய், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்தவர். ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு வீடு கூடாது என்று வழக்கு நடந்த மாவட்டம், 40 ஆண்டு கழித்து ஓர் இந்திய விவசாயியைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது.

இன்று அந்த வீடு

சுமி 1990-கள் வரை அங்கேயே வாழ்ந்து 2000-ல் காலமானார். சின்ன வயதில் பத்திரத்தில் பெயர் ஏறியவர், தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார். 1990-ல் அமெரிக்க அரசு அந்த வீட்டைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிறகு வீடு நகரத்தின் பொறுப்புக்கு வந்தது. நகர அருங்காட்சியகம் பராமரிக்கிறது. பழைய மரவீடு என்பதால் கட்டடம் தளர்ந்துபோய், 2020-ல் நாட்டில் அழியும் ஆபத்திலுள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. காப்பாற்றிச் சீரமைக்கும் முயற்சி தொடர்கிறது.

எலைசா டிபெட்ஸ் நட்ட மரங்களில் ஒன்றும் அதே ஊரில் உயிரோடு நிற்கிறது. அடி வேர் அழுகி மரம் சாகும் நிலைக்கு வந்தபோது, 1918-ல் அதைச் சுற்றி இளங்கன்றுகளை நட்டு, அவற்றின் தண்டை மரத்தோடு ஒட்டுக்கட்டினார்கள். பழைய மரம் புதிய கன்றுகளின் வேரிலிருந்து நீர் குடித்துப் பிழைத்தது. ஹராடா குடும்பத்துக்குத் தீர்ப்பு வந்ததும் அந்த ஆண்டில்தான். அந்தப் பெற்றோருக்கும் சொந்தமாக வேர் விட இடமில்லை. பிள்ளைகளின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் ஊரில் நின்றார்கள்.